மருமகன் கண்ணிய மையம்

ஷென்வான் ஊரில் வீட்டோடு மருமகனை இழிவாகக் கூப்பிடக் கூடாது என்று தடை வந்த அன்றுதான் எனக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

அதுவரை என்னைத் 'தலைகீழ்க் கதவு' என்று கூப்பிட்டார்கள். பெண் வீட்டுக்குப் போய்க் குடியேறும் ஆணுக்கு அதுதான் ஊர்ப் பெயர். ஏட்டில் இதைவிட மோசமான பெயர் ஒன்று உண்டு. உடம்பில் வேண்டாத இடத்தில் வளரும் சதைக்கும் அதே சொல்தான், அடகு வைத்த பொருளுக்கும் அதே சொல்தான். இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் நன்றாகவே தூங்கினேன். திட்டு வாங்குகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. யாரும் அவனிடம் நன்றி எதிர்பார்ப்பதில்லை.

என் பெயர் மெங் குவாங்லி. குய்ச்சோ மாகாணத்து மலைக்காரன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறி வந்து, ஷென் போச்சுவானின் சாக்ஸ் பட்டறையில் இரவு ஷிப்டில் இயந்திரம் பார்த்தேன். அவருக்கு ஒரே மகள், யாச்சின். காலையில் கணக்கு பார்க்க வருவாள். நான் வேலை முடித்துக் கிளம்புகிற நேரம் அவள் வருகிற நேரம். அப்படிப் பார்த்துப் பேசித்தான் கல்யாணம் வரை போனது. மகளை வெளியே அனுப்ப முடியாது, மாப்பிள்ளை உள்ளே வரட்டும் என்றார் போச்சுவான். வந்தேன்.

கல்யாணத்தன்று தேநீர் கொடுக்கும் சடங்கில், என் அப்பா முன்னால் வைத்து, கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே மாமனார் சொன்னார்:

"மொதப் பிள்ளைக்கு ஷென். ரெண்டாவது பிள்ளைக்கு மெங். ஆணோ பொண்ணோ, பேச்சு பேச்சுதான்."

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "எழுதி வெச்சுக்கலாமா சம்பந்தி?"

"குடும்பத்துக்குள்ள என்ன எழுத்து? டீய குடிங்க."

அப்பா குடித்தார். அவருக்கு நிலம் கிடையாது. பல் பாதி கிடையாது. என் அண்ணன் சுரங்க விபத்தில் போய்விட்டான். மிச்சம் இருந்தது மெங் என்கிற குடும்பப் பெயர் ஒன்று. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் வம்சத்தில் யாரும் எதையும் கிழித்துவிடவில்லை. ஆனாலும் அவரிடம் வேறு எதுவும் இல்லை.

முதலில் பையன் பிறந்தான். ஷென் ஆனான். யாரும் எதுவும் சொல்லவில்லை. யாச்சின் இரண்டாவது முறை உண்டானதும் அப்பாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "பொண்ணா இருந்தாலும் பரவால்ல, டேய். பேரு ரெடியா வெச்சிருக்கேன்" என்றார்.

"என்ன பேரு?"

"ஒனக்கெதுக்குடா இப்ப? மாச விருந்துல நான் வாயால சொல்லணும். அதானே முறை."

எங்கள் மலையில் அதுதான் முறை. குழந்தைக்கு ஒரு மாதம் நிறையும் விருந்தில் தாத்தா பெயரை முதலில் சொல்வார். அதுவரை பெற்றவர்களுக்குக்கூடத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் வட்டாரத்திலிருந்து உத்தரவு வந்தது. குலக்கோயிலின் பக்கவாட்டு அறையை வெள்ளையடித்து, 'வீட்டோடு மருமகன்கள் கண்ணிய மையம்' என்று பலகை மாட்டினார்கள். பழைய பெயர்கள் தடை. இனி மூன்று பட்டங்கள். தொடக்க நிலை, செல்ல விருந்தாளி. இடைநிலை, கிழக்குக் கட்டில். உச்ச நிலை, டிராகன் ஏறியவர். மூன்றுமே நல்ல மருமகனுக்குப் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த சொற்கள்தான். அவற்றுக்கு யாரும் இதற்குமுன் தேர்வு வைத்ததில்லை.

மையத்தின் இயக்குநர் ஷென் ஃபூகாய். அவரும் வீட்டோடு மருமகன். அவரும் குய்ச்சோக்காரர், எங்கள் மலைக்கு அடுத்த மலை. நான் உள்ளே நுழைந்ததும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, "சாப்டியா தம்பி?" என்றார். பல வருடங்களாக அந்தப் பேச்சைப் போனில் மட்டுமே கேட்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டேன்.

"நம்ம பக்கத்துல மருமகன என்னன்னு கூப்பிடுவாங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். பட்டியலுக்குச் சொல் சேர்த்துக்கொண்டிருந்தாராம்.

"மாப்பிள்ளை ஐயான்னு சொல்வாங்க. நம்ம குடும்பம் இல்லாத அடுத்த வீட்டு ஆள, மரியாதையா."

"அது சாதாரணமா இருக்கு. கண்ணியம் பத்தல," என்று விட்டுவிட்டார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தேநீர்ச் சடங்கு, மாமனாரின் வாக்கு, ரெண்டாவது பிள்ளை, மெங் என்கிற பெயர். மாமனார் இப்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். மையம் ஒரு வார்த்தை பேசினால் நல்லது.

ஃபூகாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒன் வலி எனக்குத் தெரியாதா? நானே நேரா ஒங்க மாமனார்கிட்ட பேசறேன். அதுக்கு முன்னால ஒனக்கு ஒரு அந்தஸ்து வேணும்ல? வெறும் தலைகீழ்க் கதவுக்காக நான் எப்படிப் போய் நிக்கறது?"

அப்படித்தான் செல்ல விருந்தாளி வகுப்பில் சேர்ந்தேன்.

புத்தாண்டின் இரண்டாம் நாள், கல்யாணமான பெண்கள் கணவனோடு பிறந்த வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். மருமகனை மேல் இருக்கையில் உட்காரவைத்துக் கவனிப்பார்கள். வீட்டோடு மருமகனுக்கு அன்று ஒரு சங்கடம். அவன் ஏற்கனவே அந்த வீட்டில்தான் இருக்கிறான். வரவும் முடியாது, வரவேற்கவும் முடியாது. வழக்கமாக அடுக்களையில் நின்று மற்ற மருமகன்களுக்காக மீன் செதில் உரித்துக்கொண்டிருப்பான்.

மையம் இதற்குத் தீர்வு கண்டது. காலையில் எங்களையெல்லாம் பின்வாசல் வழியாக வெளியேற்றினார்கள். மைய வேனில் ஏற்றி, ஏரியைச் சுற்றி ஓட்டி, ஆளுக்கொரு சாராயப் பெட்டியும் கேக் பெட்டியும் கொடுத்து, அவரவர் வீட்டு முன்வாசலில் இறக்கிவிட்டார்கள். பெட்டிகளைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மாமனார் வாசலில் நின்றார். மையம் கொடுத்த வசனத்தை ஒப்பித்தார். "வாங்க வாங்க! வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லீங்க," என்றேன். அதுதான் என் வசனம்.

மேல் இருக்கையில் உட்காரவைத்தார்கள். மாமியார் சர்க்கரைத் தண்ணீரில் வேகவைத்த முட்டைகளைக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். முறையான மருமகன் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடக் கூடாது. கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். காலையில் அந்த முட்டைகளை உடைத்து ஊற்றியவன் நான்தான், எனக்குப் பசியும் இருந்தது. ஆனாலும் மிச்சம் வைத்தேன். ஃபூகாய் படம் எடுத்துக்கொண்டார். பிறகு பாத்திரங்களைக் கழுவினேன். அது படத்தில் இல்லை.

வேன்காரன் அவசரத்தில் லுவோவைத் தப்பான வீட்டில் இறக்கிவிட்டான். லுவோ என்னைப்போல வந்தவன், லாரி ஓட்டுகிறவன், தொப்பை பெரியது. சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது.

"ஏண்டா, தப்பான வீடுன்னு சொல்லக் கூடாதா?"

"எதுக்குச் சொல்லணும்? அந்த வீட்ல என்னைப் பாத்துச் சிரிச்சாங்கடா."

செல்ல விருந்தாளிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஃபூகாயிடம் போய்ப் பெயர் விஷயத்தைக் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"தம்பி, நீ இப்ப விருந்தாளி. விருந்தாளி போய் வீட்டுக்காரங்க பிள்ளைக்கு என்ன பேர் வெக்கறாங்கன்னு கேப்பானா? நல்லாவா இருக்கு? மேல வா. கிழக்குக் கட்டிலுக்கு வந்துரு, அப்பறம் பேசலாம்."

கிழக்குக் கட்டிலின் கதை எல்லோருக்கும் தெரியும். பழைய காலத்தில் ஒரு பெரிய மனிதர் மருமகன் தேடி ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அந்த வீட்டு இளைஞர்களெல்லாம் உடுத்திக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். ஒருவன் மட்டும் கிழக்குப் பக்கக் கட்டிலில் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு படுத்திருந்தான். அவனையே தேர்ந்தெடுத்தார், எந்தப் பாசாங்கும் இல்லாதவன் என்று.

மையம் பாசாங்கில்லாமைக்குப் பாடத்திட்டம் தயாரித்தது. குலக்கோயில் முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில் கட்டில்களைப் போட்டு, சட்டையைத் தூக்கச் சொல்லி, எங்களைப் படுக்கவைத்தார்கள். வயிறு குளிரில் கன்றிப்போனது. வட்டார அதிகாரிகள் வரிசையாக நடந்து பார்த்தார்கள்.

"இன்னும் இயல்பா!" என்று ஃபூகாய் கத்தினார். "லுவோ, நீ இயல்பா இருக்கற மாதிரி நடிக்கற! அந்தத் தொப்பைய உள்ள இழுக்காத!"

"இழுக்கலீங்க, குளிர்ல அதுவே போவுது."

"பேசாத! அந்தக் காலத்துல அவன் பேசினானா?"

நான் முந்தின இரவு முழுதும் இயந்திரத்தோடு நின்றவன். கட்டிலில் முதுகு பட்டதும் தூங்கிவிட்டேன். குறட்டைகூட விட்டேனாம். விழித்தபோது அதிகாரிகள் என்னைச் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு ஆழமான இயல்பை இந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னார். மையத்தின் பயிற்சியால்தான் இது முடிந்தது என்று ஃபூகாய் சொன்னார்.

அன்று மேடையில் அவர் பேசினார். "இந்த மையம் வரதுக்கு முன்னால மருமகன்களுக்குக் குரல் கிடையாது. இன்னிக்கு அவங்க சார்பா நாங்க பேசறோம். அதனால அவங்க பேச வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. ஒரு மருமகனுக்கு நாங்க குடுக்காத மரியாதையே கிடையாது. மரியாதைய முழுசாக் குடுத்துட்ட பிறகு, வேற எதையும் குடுக்கணும்னு யாரும் கேக்க முடியாது." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வயிற்றை மூடிக்கொண்டு.

பெயரைப் பற்றிக் கேட்டேன்.

"அடடா, ஒன்ன ஏன் தேர்ந்தெடுத்தாங்க? எதுக்கும் கவலப்படாதவன்னுதானே? நீ இப்படிக் கவலப்பட்டா பட்டம் என்ன ஆகறது? பொறு. ஒங்க மாமனார்கிட்ட பேச்சு நல்லபடியாப் போய்ட்டிருக்கு."

பேச்சு போய்க்கொண்டிருந்தது உண்மை. ஃபூகாய் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமனாரும் அவரும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தேநீர் குடித்தார்கள். எனக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று நினைத்து, பட்டறையிலிருந்து நல்ல சாக்ஸாக எடுத்து அவருக்குக் கொடுத்தனுப்பினேன்.

யாச்சினிடம் ஒரு நாள் கேட்டேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஒங்கப்பா வாக்கு மாற மாட்டார்தானே?"

"நான் இருக்கேன்ல," என்றாள். "நான் பாத்துக்கறேன். நீ தூங்கு."

அவள் சொன்னதை நம்பித் தூங்கினேன். இயந்திரம் பார்க்கிறவனுக்கு ஒரு பழக்கம், ஓடுகிற சத்தம் சீராக இருந்தால் கவலைப்பட மாட்டான்.

பெண் குழந்தை பிறந்தது. மாத விருந்துக்குக் குலக்கோயில் முற்றத்தையே எடுத்துக்கொள்ளலாம், செலவு மையத்துடையது என்று ஃபூகாய் சொன்னார். அதே நாளில் எனக்கு டிராகன் பட்டம். எங்கள் தெருவில் போச்சுவானின் பங்காளி ஷென் போகெங் வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பலகை உண்டு, 'டிராகன் இல்லம்' என்று, அவர் மருமகன் டிராகன் பட்டம் வாங்கியபோது மையம் கொடுத்தது. மாமனார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வார். எனக்குப் பட்டம் வந்தால் நம் வாசலிலும் அந்தப் பலகை வரும். அவர் என்னைச் 'சின்ன மெங்' என்று கூப்பிடுவதை விட்டு, 'நம்ம பையன்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அப்பா ரயிலில் கட்டை இருக்கையில் உட்கார்ந்து வந்தார். ஒரு சாக்கில் புகையில் வாட்டிய பன்றிக்கறி. இன்னொரு பையில், குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளும் பூவேலைத் துணி, சந்தையில் பேரம் பேசி வாங்கியது. பேருந்தை விட்டு இறங்கியதும் என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"டேய் குவாங், எளச்சிட்டியேடா. சாக்ஸு தின்னா எப்படிச் சதை போடும்?"

வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே வந்தார். பெயரை ஒத்திகை பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

முற்றத்தில் மேசைகள், சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள், வட்டார அதிகாரிகள். நடுவில் மூங்கிலும் பட்டறைக் கழிவு நூலும் வைத்துச் செய்த டிராகன் ஒன்று. என்னை அதன்மேல் ஏற்றினார்கள். லுவோவும் மற்ற செல்ல விருந்தாளிகளும் அடியில் தோள் கொடுத்தார்கள்.

"ஆடாம ஒக்காருடா," என்று கீழேயிருந்து லுவோ முனகினான். "நீ டிராகன் ஏறினா, நாங்க எதுல ஏறறது?"

மேலே உட்கார்ந்தபடி அப்பாவைப் பார்த்தேன். முதல் மேசையில், கை இரண்டையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கூப்பிட்டதும் எழுந்திருக்கத் தயாராக நுனியில் உட்கார்ந்திருந்தார்.

ஃபூகாய் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "டிராகன் இல்லம்னா என்ன? ஒரே கதவு, ஒரே அடுப்பு, ஒரே குடும்பப் பேர்! ஒரு வீட்டுப் பிள்ளைங்களுக்குள்ள ரெண்டு குடும்பப் பேர் இருந்தா பலகை குடுக்க விதி எடம் தராது. இந்த விதியைப் போன மாசம் நானே முன்மொழிஞ்சேன். ஷென் போச்சுவான் குடும்பம் அந்த விதிக்கு முதல் உதாரணம்! இதோ, ஷென் குடும்பத்தோட புது வாரிசு, ஷென் லிங்வெய்!"

யாச்சின் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கைதட்டல் எழுந்தது. மாமனார் பித்தளைப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்து நின்றார். யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்திருப்பார் போல. அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.

நான் டிராகனிலிருந்து குதிக்கப் பார்த்தேன். லுவோ என் காலைப் பிடித்துக்கொண்டான். "எறங்காதடா, மொத்தமும் சாஞ்சிரும், எங்க மேல விழுந்துரும்." அவன் சொன்னது சரிதான். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னை ஊரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு முன்வாசலில் டிராகன் நுழையவில்லை, தலை பெரிதாக இருந்தது. பின்வாசல் வழியாக உள்ளே வைத்தார்கள்.

யாச்சின் மாடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கறேன்னு சொன்னியே."

அவள் நிமிரவில்லை. "ஒரு பலகைக்காக அப்பா எத்தன மாசமா ஏங்கறார்னு ஒனக்குத் தெரியுமா? ஃபூகாய்தான் வழி சொன்னாரு. ஒங்க மாப்பிள்ளை பேர் பேர்னு பொலம்பறான், அவன் பேர எடுத்துட்டா பலகை கெடைக்கும்னு."

"நீ என்ன சொன்ன?"

"மொதல்ல வேணாம்னுதான் சொன்னேன்." குழந்தையைத் தோள் மாற்றினாள். "அப்பறம் யோசிச்சேன். பலகை கெடைக்கலன்னா எங்கப்பா வீட்டையே ரெண்டாக்குவாரு. நீ சண்ட போட மாட்ட. அதான் எல்லாருக்கும் தெரியுமே."

வேறு யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன்.

குலக்கோயில் முற்றத்தில் ஃபூகாய் மிச்ச முட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். அவருக்குக் கூச்சமே இல்லை.

"நீங்க எனக்காகப் பேசறீங்கன்னு நெனச்சேன்ணே."

"ஒனக்காகத்தான் பேசினேன். தம்பி, எனக்கும் இதே வாக்குதான் குடுத்தாங்க. ரெண்டாவது பையனுக்கு என் பேருன்னு. குடுக்கல. நான் என்ன பண்ணினேன்? போய் என் பேர ஷென்னு மாத்திக்கிட்டேன். இப்ப அவனுக்கு அப்பா பேருதானே இருக்கு? வாக்கு காப்பாத்தினாங்களா இல்லியா?" ஒரு முட்டையை எடுத்து என் கையில் வைத்தார். "நீயும் யோசி. மையத்துல அதுக்கும் ஒரு பட்டம் யோசிச்சிட்டிருக்கோம்."

அப்பா அன்றே கிளம்புவதாகச் சொன்னார். தங்கச் சொன்னேன். கேட்கவில்லை. பன்றிக்கறிச் சாக்கை மாமியாரிடம் கொடுத்துவிட்டார். பூவேலைத் துணியை யாச்சினிடம் கொடுத்து, குழந்தையை எப்படி முடிச்சுப் போட்டுக் கட்டுவது என்று காட்டினார். குழந்தையின் காதருகே குனிந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். ஃபூகாயும் கூட வந்தார், விருந்தினரை வழியனுப்புவது மையத்தின் கடமையாம். கையில் கேமரா. அப்பா என் முதுகில் தட்டவில்லை. கொஞ்சம் தள்ளியே நடந்தார், தெரியாத ஊரில் பெரிய வீட்டு ஆளோடு நடப்பதுபோல.

பேருந்து வந்தது. அப்பா படியில் ஒரு கால் வைத்தபோது கேட்டுவிட்டேன்.

"அப்பா, என்ன பேரு வெச்சிருந்தீங்க?"

அவர் திரும்பினார். கோபம் எதுவும் இல்லை. இரண்டு கைகளையும் கூப்பி, எங்கள் மலையில் அடுத்த வீட்டு ஆளுக்கு விடை சொல்லும் விதத்தில், லேசாகக் குனிந்தார்.

"அது மெங் வீட்டுப் பிள்ளைக்கு வெச்ச பேருங்க, மாப்பிள்ளை ஐயா. நீங்க நல்லா இருங்க."

கதவு மூடியது. பேருந்து போய்விட்டது.

ஃபூகாய் கேமராவைத் தாழ்த்தினார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா தம்பி, பெத்த அப்பாவே எவ்ளோ மரியாதையாக் கூப்பிடறாரு! இத்தன நாள் மையம் ஒழச்சதுக்குப் பலன் இதான்."

அந்தச் சொல்லை இப்போது மையத்தின் சுவரில் டிராகனுக்கும் மேலே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டத்துக்குத் தேர்வு கிடையாது. ஊரில் அது எனக்கு மட்டும்தான். பையனைப் பள்ளியில் விடப் போனால் வாத்தியார்கூட எழுந்து நின்று அப்படித்தான் கூப்பிடுகிறார்.